ரயில் இல்லாத கோலசிலாங்கூருக்கும் ரயில் கதை உண்டு, தெரியுமா?

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் இன்று ஒரு ரயில் நிலையம்கூடக் கிடையாது! புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா... எங்கே இருந்தாலும் ரயில் பிடிக்க முதலில் காரோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். ஆனால் கிழக்கே ரவாங் வரை போய்விட்டால் போதும். செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலகுபு பாரு என்று செம்பனைக் காடுகளை ஒட்டியே கேடிஎம் கொமுட்டர் பறக்கிறது!

அந்த ரயில் யாருடையது தெரியுமா? நம்முடையதுதான்! 1992இல் நிறுவனமாக மாறினாலும் கேடிஎம் முழுக்க அரசாங்கத்துக்கே சொந்தம்.

மலாயாவின் முதல் ரயில் பாதை எவ்வளவு நீளம் தெரியுமா? வெறும் 8 மைல்! 1885 ஜூன் 1ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை. போட்டது யார்? இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பயனியர் படையினர்!

அடுத்த ஆண்டே சிலாங்கூருக்கும் ரயில் வந்துவிட்டது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகே புக்கிட் கூடா வரை! முதல் சவாரி போன சுல்தான் அப்துல் சமாட் என்ன சொன்னாராம் தெரியுமா? தாம் ஏறிய மாட்டு வண்டிகளிலேயே இதுதான் ஆக உயர்ந்ததாம்! அவருக்கு முந்தைய மூன்று சுல்தான்களின் சமாதியும் எங்கே இருக்கிறது? நம் கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில்!

யானையும் ரயிலும் மோதினால் யார் ஜெயிப்பார்? 1894 செப்டம்பர் 17. இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் ஆன்சன் பாதையில், தன் கூட்டத்தைக் காக்க ஒரு காட்டு யானை நேராக ரயில் மேலேயே பாய்ந்தது. ரயில் தடம் புரண்டது! யானையும் செத்தது. புதைத்த இடத்தில் அறிவிப்புப் பலகை வேறு வைத்திருக்கிறார்கள்! ரயிலைக் கவிழ்த்ததற்கு நினைவுச் சின்னம் பெற்ற யானை உலகில் வேறு எங்காவது உண்டா, சொல்லுங்கள்?

அந்தக் காலத்து என்ஜின்கள் எதைத் தின்று ஓடின? பத்து ஆராங் நிலக்கரியை! 1915 முதல் 1960 வரை அங்கே சுரங்கம். கரியை ஏற்றிவர குவாங்கிலிருந்து தனிக் கிளைப் பாதையே போட்டார்கள். 1937இல் கூலி போதாமல் வெகுண்ட தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்! பக்கத்திலேயே, அன்று பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயாவில் தென்னமரம் தோட்டம். மலேசியாவில் வியாபாரத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது அங்கேதான், 1917இல்! நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே, மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசையும் வாங்கிவிட்டார்! தோட்ட துரைக்குள் இப்படி ஒரு ஆள்!

கோலகுபு பாருவில் இறங்குகிறீர்களா? நீங்கள் நிற்பது புது ஊரின் பக்கம். பழைய ஊர் வண்டல் மண்ணுக்கு அடியில் கிடக்கிறது! 1883இல் அணை உடைந்து வெள்ளம் அடித்தது. அப்புறம் ஈயச் சுரங்க மண் ஆற்றை மேடாக்க, 1930களில் ஊரையே தூக்கி வேறு இடத்தில் வைத்தார்கள். அங்கிருந்து வடக்கே கெர்லிங்கிலும் கலும்பாங்கிலும் கொமுட்டர் நிற்பதே இல்லை. அங்குள்ள தோட்டத்து மக்கள் ரயிலைப் பார்க்கலாம், ஏற முடியாது! இது எனக்கு ஆச்சரியம் அல்ல, ஆதங்கம். பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் தஞ்சோங் மாலிம், அது பேராக் மாநிலம்!

தண்டவாளத்தின் அகலம் எவ்வளவு? சரியாக ஒரு மீட்டர்! தமிழ்நாட்டில் பழசு என்று ஏறக்குறைய முழுதும் கழற்றிப்போட்ட அதே மீட்டர் கேஜ்! மிச்சமிருக்கும் நீலகிரி மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுக்கிறது. அதே அகலத்தில் இங்கே இடிஎஸ் ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர்! நம்ப முடிகிறதா?

கொமுட்டர் ரயில்கள் எங்கே பிறந்தவை தெரியுமா? 1995இல் தொடங்கிய சேவைக்கு ஆரம்ப ஆண்டுகளில் வந்தவை ஆஸ்திரியா, தென்னாப்பிரிக்கா, தென்கொரியாவில்! அப்புறம் வந்த 38 ரயில்கள் சீனாவில், ஒவ்வொன்றும் ஆறு பெட்டி! கொமுட்டரின் நடுவில் பெண்களுக்கு மட்டும் தனிப் பெட்டி உண்டு. அந்த ஏற்பாடு 2010 ஏப்ரலிலிருந்து.

இதற்கு மட்டும் ஆச்சரியக்குறி வேண்டாம். ஜப்பான்காரன் காலத்தில் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து, 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தோடு தோட்டத்துத் தமிழர்களையும் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

கடைசியாக ஒன்று. 272 படிகளும் 140 அடி முருகனும் நிற்கும் பத்துமலை வாசலுக்கே 2010 ஜூலையிலிருந்து மின்சார ரயில் வருகிறது, தெரியுமா? 2024 தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கொமுட்டர் இலவசம்! அன்றைக்குப் பெட்டிக்குள் பார்க்க வேண்டும்: மடியில் பால்குடம், அதன் வாயில் நூலால் கட்டிய வாழையிலை, ரயில் குலுங்கும்போதெல்லாம் அதை அழுத்திப் பிடிக்கும் மஞ்சள் கை!

அடுத்த தைப்பூசத்துக்குக் காரில் போய் நெரிசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ரவாங்கில் ஏறுங்கள், புத்ராவில் மாறுங்கள், பத்துமலையில் இறங்குங்கள்!