தூக்கம் வரவில்லையா? பாயை விட்டு எழுந்திருங்கள்!

நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம் தூங்கிக்கொண்டு இருந்தது. திடீரென்று மூக்கைத் துளைக்கும் நெடி! கண் எரிந்தது. மூச்சு முட்டியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடினார்கள்.

கடலுக்கு அடியில் போகும் அம்மோனியா குழாயில் கசிவு! 2023-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி இரவு அது நடந்தது. 2004-ல் சுனாமி வந்ததும் அதே டிசம்பர் 26-ந் தேதிதான்.

பெரியகுப்பத்துக்கு வடக்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். அந்த மாதம் அங்கும் நிம்மதி இல்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து ஆற்றை மூடியது. படகும் வலையும் கறுத்துப் போயின. தொழில் நின்றது.

இத்தனையும் கண்டவர்களுக்குத் தூக்கம் கெட்டால், அதில் வியப்பு என்ன?

காவல் காக்கும் மனம்

ஆபத்து போன பிறகும் மனம் காவல் காக்கும். நாய் குரைத்தால் விழிப்பு. காற்றில் ஏதாவது வாடை வந்தால் விழிப்பு. இது கோழைத்தனம் அல்ல. உயிரைக் காக்க உடம்பு செய்யும் வேலை. பலருக்குச் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும்.

சிலருக்கு அடங்குவது இல்லை. தூக்கம் வராமல் பாயில் புரண்டுகொண்டே இருந்தால், பாய் என்றாலே விழிப்பு என்று மனம் பழகிவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்தால் கண் சொக்கும். பாயில் தலையைச் சாய்த்ததும் விழிப்பு வந்துவிடும்! "இன்றைக்கும் சிவராத்திரிதானா?" என்ற கவலையே தூக்கத்தை விரட்டும்.

இதற்கு 1972-ல் ஒரு வழி சொன்னார், ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க மனவியல் அறிஞர். கேட்டால் சிரிப்பு வரும். தூக்கம் வராவிட்டால், எழுந்துவிட வேண்டும்!

படுத்துக் கால் மணி நேரம் ஆகியும் தூக்கம் வரவில்லையா? (கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். குத்துமதிப்பு போதும்.) எழுந்து வாசலில் உட்காருங்கள். செல்போனைத் தொடாதீர்கள். கண் சொக்கும்போது திரும்பி வந்து படுங்கள். மறுபடியும் விழிப்பா? மறுபடியும் எழுந்திருங்கள். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். முதல் சில நாள் அலுப்பாக இருக்கும். போகப்போகப் பாயும் தூக்கமும் மறுபடி சேரும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு, இதுபோன்ற பயிற்சிகள் அடங்கிய மனச்சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒன்று 2016-ல் சொன்னது. மாத்திரை அதற்குப் பிறகுதான்.

சாயங்காலமே பேசுங்கள்

"பயப்படாதே, தூங்கு" என்று சொல்லிப் பயன் இல்லை. குழாய் கசிந்தது கனவு அல்லவே!

ஆகவே, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மறுபடி நெடி வந்தால் எந்தத் தெரு வழியாகப் போவது? பாட்டியை யார் கூட்டிப் போவது? ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது? கடன் கவலையையும் அப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். ராத்திரி அந்த நினைப்பு வந்தால், "அது தாளில் இருக்கிறது" என்று மனதுக்குச் சொல்லலாம்.

விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் விஷயம் வேறு. பகல் தூக்கம் கூடாது என்ற அறிவுரை அவர்களுக்குப் பொருந்தாது. அரைத் தூக்கத்தில் படகு ஓட்டுவது ஆபத்து. அவர்கள் டாக்டரைக் கேட்டே பழக்கத்தை மாற்ற வேண்டும்.

சாராயம் தூக்கம் தரும் என்பார்கள். படுத்ததும் தூக்கம் வரும். பாதி ராத்திரியில் கலைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால், அது மனக்கவலை அல்ல. டாக்டர் பார்க்க வேண்டிய நோய். அந்த ராத்திரியே கனவில் திரும்பத் திரும்ப வந்து, ஒரு மாதம் ஆகியும் விடவில்லை என்றாலும் தாமதிக்காதீர்கள். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு டெலிபோன் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. நள்ளிரவிலும் எடுப்பார்கள்.