இரைச்சலுக்குள் ஒரு போரின் கதை



பிள்ளைகளின் அறையில் மெற்றல் இசை கேட்டால், "இதென்ன சத்தம்?" என்று கதவைச் சாத்திவிடுகிறோம். ஒருமுறை அவர்களோடு கூட இருந்து கேட்டுப் பாருங்கள்.

எமது கெல்சென்கிர்ச்சன் நகரில் உருவான சோடோம் குழு 1989இல் 'ஏஜென்ட் ஒரேஞ்ச்' இசைத்தட்டை வெளியிட்டது. பாடகர் ரொம் ஏஞ்சல்றிப்பர் முன்னர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். வியட்நாம் போரில் அமெரிக்க விமானங்கள் காடுகள்மேல் தெளித்த நச்சுக் களைக்கொல்லியின் பெயரே இத்தலைப்பு.

குரல் கர்ச்சிக்கும், டிரம்ஸ் அதிரும். அதற்கடியில் திரும்பத் திரும்ப வரும் கிற்றார் மெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கேட்பவர்கள் 'றிமெம்பர் த ஃபோலன்' பாடலில் தொடங்கலாம். வேகம் குறைந்த அப்பாடல் போரில் மடிந்தவர்களை நினைவுகூர்கிறது.

பாட்டு முடிந்ததும், ஊரில் நாங்கள் கண்டதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.