கொடியில் நாற்பது லம்பின்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை பெற்ற வீட்டை யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. லயத்து வாசல் கொடியே காட்டிக்கொடுத்துவிடும். நேற்றுத் தொங்கிய அதே துணிகள் இன்றும் தொங்கும். துவைப்பதை விடக் காயவைப்பதுதான் இங்கே பெரிய வேலை.

இந்த மலையின் டவுனான தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர். ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேல். பகலிலேயே 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம், பிற்பகலானால் மேகம் இறங்கிவிடும். ஒரு லம்பின், அதாவது பிள்ளைக்குக் கட்டும் துணி, 60 கிராம் என்றால் 20 லம்பின் 1.2 கிலோ. கையால் பிழிந்த துணி தன் எடை அளவுக்குத் தண்ணீரை வைத்துக்கொள்ளும் என்று கொள்வோம். அந்த 1.2 லிட்டர் ஆவியாக 0.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். கீழே ஈப்போவில் வெயில் அதை இலவசமாகக் கொடுக்கும், இங்கே மேகம் கொடுக்காது. ஒரு துணி காய இரண்டரை நாள் ஆகிறது, ஒரு நாளைக்குப் பத்து வேண்டும், கையிருப்பும் கொஞ்சம் வேண்டும். ஆக, அடிவாரத்தில் 20 லம்பினில் ஓடும் குடும்பத்துக்கு இங்கே 40 தேவை.

கணக்கை 2025-ஆம் ஆண்டின் முதல் பாதி விலையில் போடுகிறேன். பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாள் கூலி 65.38, எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 8.17. பிரசவ விடுப்பு 98 நாள், 2023 ஜனவரியில்தான் 60-இலிருந்து உயர்ந்தது. மின்சாரம் முதல் 200 யூனிட் வரை யூனிட்டுக்கு 21.8 சென், பெட்ரோல் லிட்டர் 2.05. இவை அப்போதைய அரசு விலை. சோப்பு, துணி, கடை விலைகள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடையில் வேறாக இருந்தால் பென்சிலால் மாற்றிக்கொள்ளுங்கள்.

விடுப்பில் இருக்கும் 98 நாளும் தினம் பத்து, மீதி 267 நாளும் தினம் ஏழு. முதல் ஆண்டில் 2,849 தடவை மாற்ற வேண்டும். ஒரு தடவை கட்டி வீசும் லம்பினை எந்த நிறுவனம் செய்தாலும் இங்கே அதற்குப் பெயர் பாம்பர்ஸ்தான். ஒன்று 60 சென் என்றால் 1,709 வெள்ளி. ஒரு மாதச் சம்பளம் முழுசாகக் குப்பைக்குப் போகிறது.

வீட்டில் துவைத்தால்? துணி 40, ஒன்று 4 வெள்ளி வீதம் 160. தினம் 30 கிராம் சோப்புத்தூள் ஆண்டுக்குச் சுமார் 11 கிலோ, 88 வெள்ளி. பத்து லிட்டர் குளிர்ந்த தண்ணீரை 18 டிகிரியிலிருந்து 60-க்குச் சூடாக்க அரை யூனிட், ஆண்டுக்கு 39 வெள்ளி. அலச, ஊறவைக்க, மறுபடி அலச நாளுக்கு 40 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு ஒரு வெள்ளி என்றாலும் ஆண்டுக்கு 15-தான். மொத்தம் 302. பழைய சாரத்தைக் கிழித்துக்கொண்டால் 142. 1,709 எங்கே, 142 எங்கே! "இதுல என்ன செலவு, நான் சும்மாதானே இருக்கேன்" என்று மாமியார் சொல்வதும் இதை வைத்துத்தான்.

அந்தச் 'சும்மா'வுக்கு வருமுன் டோபியைப் பார்த்துவிடுவோம். மேலை நாட்டு நகரங்களில் அழுக்கு லம்பினை வாசலில் எடுத்து, துவைத்ததை வாசலில் தரும் சேவை உண்டு. தோட்டத்துக்காரருக்கு அதற்கு ஈடு, டவுனில் காசு போட்டுத் துவைக்கும் டோபிக் கடை. தோபி என்ற இந்திச் சொல்லே மலாயில் டோபியாகி, இப்போது இயந்திரத்துக்கும் பெயராகிவிட்டது. துவைக்க 5 வெள்ளி, உலர்த்த 5 வெள்ளி, இரண்டு நாளுக்கு ஒரு தடவை, ஆண்டுக்கு 183 தடவை: 1,830. போக வர 10 கிலோமீட்டர், மோட்டார் சைக்கிளுக்குக் கால் லிட்டர் பெட்ரோல்: 94. துணி வாங்கிய 160-ஐயும் சேர்த்தால் 2,084. பாம்பர்ஸை விட 375 வெள்ளி கூடுதல்.

பணம் போனாலும் நேரம் மிச்சம் என்பார்கள். வீட்டில் துவைக்க நாளுக்கு முக்கால் மணி, ஆண்டுக்கு 274 மணி. டோபிக்குப் போய், காத்திருந்து, திரும்ப ஒன்றரை மணி, 183 தடவைக்கு அதே 274 மணி! பிள்ளை வெளிக்குப் போன துணியை யாரும் அப்படியே பொது இயந்திரத்தில் போட மாட்டார்கள். அதை வீட்டிலேயே அலசும் நேரம் இதில் சேரவில்லை. டவுனுக்குத் தினம் வேலைக்குப் போகிறவர் கையில் மூட்டையைக் கொடுத்தனுப்ப முடிந்தால் கணக்கு மாறும். அதற்கென்றே டவுனுக்குப் போனால் வெறும் நஷ்டம்.

இனி அந்தச் 'சும்மா'. 274 மணி என்றால் எட்டு மணி வீதம் 34 நாள், நாள் கூலியில் 2,237 வெள்ளி. 302-ஐச் சேர்த்தால் 2,539. மூன்றிலும் மலிவாக இருந்தது பாம்பர்ஸை விட விலை கூடியதாகிவிட்டது. இதை இன்னொரு பக்கமாகவும் பார்க்கலாம். பத்து பாம்பர்ஸின் விலை 6 வெள்ளி, துணி வாங்கிய காசை ஒதுக்கிவிட்டால் துவைக்கும் அன்றாடச் செலவு 39 சென், மிச்சம் 5.61. முக்கால் மணி வேலைக்கு அதுதான் கூலி, மணிக்கு 7.48. நாளுக்கு ஏழாகக் குறைந்த பிறகு அது 5.08. நேரமும் கொஞ்சம் குறையும், ஆனால் ஊறவைப்பதும் தண்ணீர் சுடவைப்பதும் ஏழுக்கும் பத்துக்கும் ஒன்றே. கொழுந்து பறிக்கும் மணிக்கூலி 8.17.

அந்தக் காலத்தில் தாய்மார் கொழுந்துக் கூடையுடன் நிரைக்குப் போனபோது பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் இருந்தன. இன்று நிரைகளில் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டு வந்த வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள். மிஞ்சிய தமிழ்க் குடும்பங்களில் தாய் விடுப்பு முடிந்து போனதும் அந்த 5.08 வெள்ளி வேலை பாட்டி கைக்குப் போகிறது. மூட்டுவலிக்கு இந்தக் கணக்கில் நான் பத்தி போடவில்லை.

உலர்த்தும் இயந்திரம் சுற்றுச்சூழலுக்கும் சுமைதான். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வயது வரை ஒரு பிள்ளைக்குப் பாம்பர்ஸ் வகை 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், துணி 570. எல்லாவற்றையும் இயந்திரத்தில் உலர்த்தினால் துணியின் கணக்கு 43 விழுக்காடு ஏறுகிறது, வெளிக்கொடியில் உலர்த்தினால் 16 விழுக்காடு இறங்குகிறது. கொடி உள்ள ஊருக்குச் சரி. கொடி காயாத ஊருக்கு?

என்னைக் கேட்டால், சுழற்றிப் பிழியும் தொட்டி உள்ள இரட்டைத் தொட்டி இயந்திரம். 450 வெள்ளி என்று வைத்து ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 90. பிழிந்த துணியில் தண்ணீர் பாதியாகக் குறைந்தால் இரண்டரை நாள் ஒரு நாளுக்குப் பக்கத்தில் வரும், 40 லம்பின் 25 ஆகும். முக்கால் மணி 20 நிமிடமானால் ஆண்டுக்கு 152 மணி, 19 நாள் கூலி மிச்சம். இரவுக்கு மட்டும் ஒரு பாம்பர்ஸ், ஆண்டுக்கு 219 வெள்ளி. அக்டோபர், நவம்பர் அடைமழையில் உலர்த்த மட்டும் டோபிக்கு 5 வெள்ளி கொடுக்கலாம், அதுவும் டவுனில் வேறு வேலை இருந்தால். இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியே போதும், புகை வாசனையைப் பிள்ளை பொறுத்துக்கொண்டால்.