அம்மா வாசித்த கலகச் சட்டம்!

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்குகிறார்கள். ஒருவன் மேஜை மேல் ஏறிக் குதிக்கிறான். இன்னொருவன் தம்பியின் முடியைப் பிடித்து இழுக்கிறான். ஒரே கூச்சல்!

சமையல் அறையில் இருந்து தாய் வருகிறாள். "இதோடு நிறுத்தாவிட்டால் இன்றைக்கு யாருக்கும் சாப்பாடு கிடையாது!" என்கிறாள். கூச்சல் அடங்குகிறது.

இது இங்கிலாந்தில் நடந்தால் என்ன சொல்வார்கள் தெரியுமா? "தாய் ரயட் ஆக்டை வாசித்தாள்" என்பார்கள்.

"ரீட் தி ரயட் ஆக்ட்" என்பது ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்றொடர். "ரீட்" என்றால் வாசி. "ரயட்" என்றால் கலகம். "ஆக்ட்" என்றால் சட்டம். "கலகச் சட்டத்தை வாசி" என்பது நேர்ப்பொருள். "கடுமையாகக் கண்டித்து எச்சரிக்கை செய்" என்பதே வழக்கில் உள்ள பொருள்.

திட்டு வாங்கியவனை, "நல்ல அர்ச்சனை விழுந்தது", "மண்டகப்படி கிடைத்தது" என்று நாம் சொல்வது இல்லையா? அது போலத்தான். ஆனால், நம் சொற்கள் கோவிலில் பிறந்தவை. ஆங்கிலச் சொல் பிறந்த இடத்தில் துப்பாக்கியும் தூக்கு மரமும் இருந்தன!

புதிய ராஜா

1714ம் ஆண்டு இங்கிலாந்தின் ஆன் ராணி இறந்து போனார். ஜெர்மனியில் உள்ள ஹனோவரில் இருந்து வந்த ஜார்ஜ், ராஜா ஆனார். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஊருக்கு ஊர் கலகம் மூண்டது.

கலகத்தை அடக்கப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. 1715ம் ஆண்டு ஆகஸ்டு 1ந் தேதி அது அமுலுக்கு வந்தது. அதுதான் கலகச் சட்டம்.

12 பேரோ, அதற்கு மேலோ கூடிக் கலகம் செய்தால், மாஜிஸ்திரேட்டு அங்கே போக வேண்டும். சட்டத்தில் உள்ள ஓர் அறிவிப்பை உரத்த குரலில் வாசிக்க வேண்டும். "எல்லோரும் உடனே கலைந்து அமைதியாக வீட்டுக்குப் போங்கள். இது ராஜாவின் கட்டளை" என்பது அதன் கருத்து.

வாசித்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் கலையாமல் நின்றால்? மரண தண்டனை! கூட்டத்தைக் கலைக்கும்போது யாராவது செத்தால், கலைத்தவர்கள் மீது குற்றம் இல்லை.

விட்டுப்போன வரி

அந்த அறிவிப்பு, "கடவுள் ராஜாவைக் காப்பாற்றட்டும்" என்று முடியும். அதை விட்டுவிட்டால் வாசித்தது செல்லாது. 1830ல் ஒரு வழக்கில், அந்த ஒரு வரி வாசிக்கப்படவில்லை என்பதற்காகவே தண்டனை ரத்தானது.

ஒரு வரியில் உயிர் இருந்தது!

காதில் விழாத குரல்

1819ம் ஆண்டு ஆகஸ்டு 16ந் தேதி. மான்செஸ்டர் நகரில் செயிண்ட் பீட்டர்ஸ் மைதானம். சுமார் 60 ஆயிரம் பேர் கூடி இருந்தார்கள். தாய்மார்கள் குழந்தைகளுடன், நல்ல உடை உடுத்தி வந்திருந்தார்கள்.

அவர்கள் கேட்டது ஓட்டுரிமை. அத்தனை பெரிய நகரமான மான்செஸ்டருக்கு அப்போது பார்லிமெண்டில் தனி உறுப்பினர் கிடையாது.

மைதானத்தின் ஓரத்தில் இருந்த ஒரு வீட்டில் இருந்து மாஜிஸ்திரேட்டுகள் கூட்டத்தைப் பார்த்தார்கள். கலகச் சட்டத்தை வாசித்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். அத்தனை பெரிய கூட்டத்தில் அது யார் காதில் விழும்? ஒரு மணி நேர அவகாசமும் கொடுக்கவில்லை. வாளை உருவிக்கொண்டு குதிரைப் படை பாய்ந்தது.

வில்லியம் பில்டிஸ் என்ற இரண்டு வயதுக் குழந்தை, தாயின் கையில் இருந்தது. குதிரை மோதியதில் கீழே விழுந்து இறந்தது. அதுதான் முதல் பலி. மொத்தம் சுமார் 18 பேர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் காயம் அடைந்தார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நெப்போலியன் தோற்ற இடம் வாட்டர்லூ. அதை நினைவூட்டும்படி, இந்தக் கொடுமைக்குப் "பீட்டர்லூ" என்று மக்கள் பெயர் வைத்தார்கள்.

சட்டம் போச்சு, சொல் நின்றது

பிறகு மரண தண்டனை நீக்கப்பட்டு, நாடு கடத்தல் தண்டனை வந்தது. 1919ல் போலீசார் வேலைநிறுத்தம் செய்தபோது, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் கலகச் சட்டத்தை வாசித்தார்கள். 1973ல் அந்தச் சட்டம் அடியோடு நீக்கப்பட்டது.

சட்டம் போய்விட்டது. சொல் மட்டும் போகவில்லை. பீட்டர்லூவில் ரத்தம் சிந்திய அதே 1819ம் ஆண்டின் கடைசியில், ஒரு பெண் வீட்டுக் குழந்தைகளை அதட்டப் போனதைச் சொல்ல ஒருவர் கடிதத்தில் இந்தத் தொடரை எழுதி இருக்கிறார்!

இன்று தாய் வாசிக்கும் கலகச் சட்டத்தில் போவது ஒரு வேளைச் சாப்பாடு. அதுவும் பெரும்பாலும் போவதில்லை. சிறிது நேரத்தில் அவளே கூப்பிட்டுச் சோறு போட்டுவிடுவாள்.