வீரரின் பலம் எது? பலவீனம் எது?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில், மாலை வேளையில் வெள்ளைச் சீருடை அணிந்து கராத்தே பழகச் செல்லும் சிறுவர் சிறுமியரைக் காணலாம். கராத்தே வீரர் ஒருவரும் மல்யுத்த வீரர் ஒருவரும் மோதினால் யார் வெல்வார் என்று அவர்களுக்குள் வாதம் எழுவதும் இயல்பே. இதற்கு அறிவியல் தரும் விடை என்ன?

குத்து, உதை, மல்யுத்தப் பிடி, மூட்டு மடக்கு ஆகிய அனைத்தையும் அனுமதிக்கும் விளையாட்டுக்குக் கலப்புத் தற்காப்புக் கலை என்று பெயர். இதில் வீரரின் திறமையை எவ்வாறு மதிப்பிடுவது? நம் நாட்டு வீராங்கனை ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

ரிது போகாட் அரியானாவின் பலாலி கிராமத்தைச் சேர்ந்தவர். 2016-இல் காமன்வெல்த் மல்யுத்தப் போட்டியில் தங்கம் வென்றார். 2019 நவம்பரில் பெய்ஜிங்கில் கலப்புத் தற்காப்புக் கலையில் முதன்முதலாக இறங்கி, முதல் சுற்றிலேயே வெற்றி கண்டார். தொடர்ந்து மேலும் மூன்று வெற்றிகள்!

வீழ்த்துவதன் இரகசியம்

அவருடைய பலம், எதிராளியைத் தரையில் வீழ்த்துவது. நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய தொப்புளுக்குச் சற்றுக் கீழே அமைகிறது. அங்கிருந்து கீழ்நோக்கி வரையும் செங்குத்துக் கோடு இரு பாதங்களும் அடைக்கும் பரப்புக்குள் விழும்வரை அவர் நிற்பார். வெளியே சென்றால் சாய்வார். மல்யுத்த வீரர் தம் உடலைத் தாழ்த்திக்கொண்டு எதிராளியின் கால்களைப் பற்றி இழுக்கிறார். அடிப்பரப்பே பறிபோன பின் எதிராளி எவ்வாறு நிற்க முடியும்?

கையே நெம்புகோல்

2021 டிசம்பர் 3-ஆம் நாள், சிங்கப்பூரில் இறுதிப் போட்டி. எதிராளி தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ். குத்துக்கும் உதைக்கும் பெயர் பெற்ற அவர், தரைப் பிடிகளையும் கற்றிருந்தார். இரண்டாம் சுற்றில், தரையில் நடந்த போராட்டத்தில், ரிதுவின் ஒரு கையைப் பற்றி முழங்கைக்கு எதிர்த்திசையில் நீட்டினார். ரிது தோல்வியை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

வலிமை மிக்க வீராங்கனையால் ஏன் கையை மீட்க முடியவில்லை? கணக்கிட்டுப் பார்ப்போம். முழங்கையை மடக்கும் தசை, மூட்டிலிருந்து சுமார் 4 செ.மீ. தொலைவில் இழுக்கிறது. எதிராளியோ சுமார் 24 செ.மீ. தள்ளி, மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார். 24-ஐ 4-ஆல் வகுத்தால் 6. அதாவது எதிராளி தரும் விசையைப் போல் ஆறு மடங்கு விசையைத் தசை தரவேண்டும்! கை நேராக நீள நீள, தசையின் பக்கம் உள்ள தொலைவு மேலும் குறைகிறது. போதாக்குறைக்கு, எதிராளி தம் இரு கைகளையும் முதுகு, இடுப்புத் தசைகளையும் ஒரே கைக்கு எதிராகப் பயன்படுத்துகிறார். விடாப்பிடியாக இருந்தால் மூட்டே சிதையும். ஆகவே தோல்வியை ஒப்புக்கொள்வது கோழைத்தனம் அன்று, அறிவுடைமை.

விதி மாறினால் பலமும் மாறும்

இங்கே இன்னொரு நுட்பம் உண்டு. மல்யுத்தத்தில் இரு தோள்களும் தரையில் அழுந்தினால் தோல்வி. மூட்டை எதிர்த்திசையில் மடக்குவதற்கும் தடை. ஆகவே மேலே இருப்பவருக்கே ஆதாயம். கலப்புப் போட்டியிலோ, மல்லாந்து கிடப்பவரும் கை கால்களால் பிடி போட்டு வெல்லலாம். ஒரு விளையாட்டில் காத்த பழக்கம் மற்றொன்றில் ஆபத்தாகலாம்.

எனவே "இவர் பலசாலி" என்று பொதுவாகக் கூறுவது மதிப்பீடு ஆகாது. எட்ட நிற்கும்போது எப்படி? கட்டிப் பிடிக்கும்போது எப்படி? தரையில் எப்படி? ஐந்து நிமிடச் சுற்றின் கடைசி நிமிடத்தில் எப்படி? இவ்வாறு தனித்தனியே பார்க்க வேண்டும். தசையில் உடனடிப் பாய்ச்சலுக்கென உள்ள சேமிப்பு ஏறக்குறைய பத்து வினாடிகளே தாங்கும்; பிறகு மூச்சின் வலிமையே துணை.

நீங்களே செய்து பாருங்கள்

குதிகால்களும் முதுகும் சுவரில் படும்படி நின்று, முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரல்களைத் தொட முயலுங்கள். முன்னால் சாய்வீர்கள். ஏன் என்று சிந்தியுங்கள். மூட்டு மடக்கும் பிடிகளை மட்டும் விளையாட்டுக்குக்கூட முயலாதீர்கள்.

அடுத்த முறை பள்ளியில் கபடி நடக்கும்போது ஒரு குறிப்பேட்டுடன் அமருங்கள். பாடிச் செல்பவரின் பலம் எது, அது எந்த இடத்தில் பயன்படாமல் போகிறது என்று எழுதுங்கள். மதிப்பீடு அங்கே தொடங்குகிறது.