உப்புநீர்த் தொட்டியில் பாசி பிடித்தால்

மகர்பட்டாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 60 லிட்டர் கொள்ளும் கடல்நீர் மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. என் பெண் ஆசைப்பட்டுக் கேட்டதால் வாங்கியது. இரண்டு கோமாளி மீன், ஓர் இறால், நான்கு நத்தை. முதல் மாதம் கண்ணாடியில் பழுப்பாக ஏதோ படிந்து, தானே மறைந்தது. புதுத் தொட்டிகளில் இது சகஜம். மூன்றாம் மாதம் கோடை வந்தது. பாறையெல்லாம் பச்சைப் பாசி முடிபோல் வளர்ந்துவிட்டது.

கடையில் கேட்டேன். பாசியைக் கொல்லும் மருந்து ஒன்று கொடுத்தார்கள். ஊற்றிய மறுநாளே இறால் செத்தது. அடுத்த நாள் நத்தைகளும். அதன்பிறகுதான் புட்டியில் இருந்த சீட்டைப் படித்தேன். மருந்தில் இருந்தது செம்பு. மீன் ஓரளவு தாங்கும். இறாலுக்கும் நத்தைக்கும் அது நஞ்சு. பாறையிலும் மணலிலும் ஊறித் தங்கவும் செய்யும். என் பெண் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாசியோ ஒரே மாதத்தில் திரும்பி வந்தது.

ஏன் வந்தது? பாசிக்கு வேண்டியவை வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட். மூன்றையும் நாமே கொடுக்கிறோம். மீன் தின்னாமல் விட்ட இரை அழுகினால் பின்னவை இரண்டும் உண்டாகும். நான் கவனிக்காத இன்னொரு வழியும் உண்டு. கோடையில் தொட்டி நீர் வேகமாக ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்தவை அங்கேயே தங்கும். நான் தினமும் குழாய்த் தண்ணீரையும் டேங்கர் தண்ணீரையும் ஊற்றி ஈடுகட்டினேன். ஊற்ற ஊற்றப் பாசிக்கு உரம் சேர்ந்தது.

இப்போது நாங்கள் செய்வது இவ்வளவுதான்:

1. குறைந்த நீரை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் மட்டுமே, உப்பு சேர்க்காமல். வெறும் யு.வி. வடிகட்டி போதாது, அது கிருமியைக் கொல்லுமே தவிர கரைந்ததை நீக்காது.

2. வாரம் ஒருமுறை 6 லிட்டர் நீரை எடுத்துவிட்டு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை கரைத்த ஆர்.ஓ. நீரை விடுவது. சமையல் உப்பு கூடாது.

3. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இரை. உறைந்த இரையை அலசிவிட்டுப் போடவேண்டும்.

4. விளக்கு 8 மணி நேரம். சன்னல் வெயில் படக்கூடாது.

5. பாசியைக் கையால் பிடுங்கும்போதே குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றுவது.

கடைசி விஷயத்துக்கு நம் கடலே சாட்சி. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களை மூடிப் படர்ந்திருப்பது 2008இல் வெளியானது. கையால் பிடுங்கினாலும், அறுந்து எஞ்சிய துண்டுகள் மறுபடி முளைத்தன. தொட்டியிலும் அப்படித்தான்.

பாறையையும் மணலையும் சிறிது சிறிதாக மாற்றிய பிறகே மறுபடி நத்தை விட்டோம். மிச்சப் பாசியை அவை மேய்ந்தன. தொட்டி தெளிய இரண்டு மாதம் ஆயிற்று. பாசி நோயல்ல, தண்ணீரில் உரம் மிகுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். மருந்தைத் தேடுமுன், தொட்டிக்குள் நாம் என்னென்ன போடுகிறோம் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நான் முதலிலேயே அதைச் செய்திருந்தால் அந்த இறால் பிழைத்திருக்கும்.