ஒரு ரத்தக் குழாயின் பயணம்

ரத்தப் பரிசோதனைக்குப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். ஊசியில் எடுக்கும் ரத்தத்தை ஒரே குழாயில் பிடிக்க மாட்டார்கள். சிவப்பு மூடி ஒன்று, ஊதா மூடி ஒன்று என்று பிரித்துப் பிடிப்பார்கள். ஊதா மூடிக் குழாய்க்குள் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் இருக்கும். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். ஈ.டி.டி.ஏ. அந்தக் கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்வதால் ரத்தம் உறையாமல் நிற்கும். இந்தச் சின்ன வேதியியல் உண்மையை வைத்து அமெரிக்காவின் மிகப் பெரிய கொலை வழக்கொன்றில் இரு தரப்பு வழக்கறிஞர்களும் நாள்கணக்கில் வாதாடினார்கள்.

1994 ஜூன் 13 பிற்பகல். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் தலைமையகத்தில் நர்ஸ் ஒருவர் இப்படி ஒரு குழாயில் ரத்தம் எடுத்தார். கையை நீட்டியவர் ஓ.ஜே. சிம்ப்சன். அமெரிக்கக் கால்பந்தின் நட்சத்திரம், சினிமா நடிகர், விளம்பரங்களில் நாடே பார்த்துப் பழகிய முகம். முந்தைய இரவு அவருடைய முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுன் சிம்ப்சனும், நிக்கோலின் நண்பர் ரொனால்டு கோல்டுமேனும் நிக்கோலின் வீட்டு வாசலிலேயே குத்திக் கொல்லப்பட்டிருந்தார்கள்.

எத்தனை மில்லி ரத்தம் எடுத்தோம் என்று நர்ஸ் எழுதி வைக்கவில்லை. துப்பறியும் அதிகாரி பிலிப் வானட்டர் அந்தக் குழாயை உறையில் போட்டுத் தன்னுடனேயே எடுத்துக்கொண்டார். சான்றுப் பொருள் பிரிவில் ஒப்படைக்காமல், நகரின் மறுபக்கத்தில் இருந்த சிம்ப்சன் வீட்டுக்குக் காரில் கொண்டுபோனார். அங்கே தடயம் சேகரித்துக்கொண்டிருந்த டென்னிஸ் ஃபங்கிடம் மாலையில் கொடுத்தார். உறை ஒரு குப்பைப் பைக்குள் போய், பை வேனுக்குப் போனது.

நர்ஸ் முதலில் சொன்ன கணக்கு சுமார் 8 மில்லி. ஆய்வுக்கூடத்தில் செலவானதையும் மிச்சம் இருந்ததையும் சிம்ப்சனுக்காக வாதாடிய எதிர்த் தரப்பு கூட்டிப் பார்த்தது. 6.5 மில்லிதான் வந்தது. மீதி ஒன்றரை மில்லி எங்கே? அளந்து எடுக்கவில்லை, உத்தேசமாகச் சொன்னேன் என்று நர்ஸ் பின்னால் விளக்கினார். அதற்குள் கேள்வி ஜூரிகளின் மனதில் இறங்கிவிட்டது.

அரசுத் தரப்பிடம் இருந்த தடயங்களை இன்று படித்தாலும் மலைப்பாக இருக்கிறது. கொலை நடந்த இடத்திலிருந்து வெளியே போகும் ரத்தக் காலடித் தடங்கள். அவற்றின் இடப்பக்கமாகவே சொட்டியிருந்த ஐந்து ரத்தத் துளிகள். சிம்ப்சனின் இடது கை நடுவிரலில் வெட்டுக்காயம். அவருடைய காரில் ரத்தம், படுக்கையறைக் காலுறையில் ரத்தம். கொலை நடந்த இடத்தில் ஒரு கையுறை, அதன் ஜோடி அவர் வீட்டு வளாகத்தில். செல்மார்க் ஆய்வுக்கூடத்தின் ராபின் காட்டன் ஒரு துளியைப் பற்றிச் சொன்ன கணக்கு இது: இந்த மரபணு அமைப்பு 17 கோடிப் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும். அது சிம்ப்சனின் ரத்தத்தோடு பொருந்துகிறது.

17 கோடியில் ஒருவர் என்ற பிறகு வழக்கில் என்ன மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். அந்த எண் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில். ரத்தம் யாருடையது என்று அது சொல்லும். அங்கே எப்படி வந்தது, எப்போது வந்தது, வழியில் யார் யார் தொட்டார்கள் என்று சொல்லாது. எதிர்த் தரப்பு வழக்கறிஞர்கள் பேரி ஷெக், பீட்டர் நியூஃபெல்டு இருவரும் வழக்கை நடத்தியது இந்த இடைவெளிக்குள் நின்றுதான்.

இவர்கள் மரபணு அறிவியலின் எதிரிகள் அல்ல. செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடப்பவர்களை மரபணுச் சோதனை மூலம் மீட்க 1992-இல் ‘இன்னசன்ஸ் பிராஜெக்ட்’ அமைப்பைத் தொடங்கியவர்கள். அதற்கு முன் 1989-இல் நியூயார்க்கின் காஸ்ட்ரோ வழக்கில், ஆய்வுக்கூடம் கொடுத்த மரபணு முடிவை வரிவரியாகப் பிரித்துக் கேள்வி கேட்டவர்கள். ஆய்வுக்கூடம் எங்கே சறுக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி.

சறுக்கல் ஆய்வுக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே தொடங்கியிருந்தது. ரத்தத் துளிகளை எடுக்கும் முறை எளிமையானது. வடிநீரில் நனைத்த சிறு பருத்தித் துணித் துண்டைத் துளியின் மேல் ஒற்றி எடுக்க வேண்டும். அன்று அப்படி எடுத்த ஈரத் துண்டுகளை பிளாஸ்டிக் பைகளில் போட்டு, குளிர்சாதனம் வேலை செய்யாத வேனில், ஜூன் மாத வெயிலில் பல மணி நேரம் வைத்திருந்தார்கள். ஈரத் துணியை பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்தால் மறுநாள் என்ன வாடை வரும் என்று நமக்குத் தெரியும். அந்த வாடைக்குக் காரணமான பாக்டீரியாக்கள் ரத்தம் தோய்ந்த துணியில் இருக்கும் மரபணு இழைகளையும் துண்டு துண்டாக்கிவிடும். ஈரம் போகக் காயவைத்துக் காகித உறையில் போட வேண்டும் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி.

துண்டுகளை எடுத்தவர்களில் பெரும்பங்கு வேலை செய்தவர் ஆண்ட்ரியா மசோலா என்ற பயிற்சி நிலைப் பணியாளர். தானே எடுத்ததுபோல ஃபங்க் முதலில் சாட்சி சொல்லியிருந்தார். போலீஸார் நிக்கோலின் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு போர்வையை எடுத்து வந்து அவருடைய உடலை மூடியிருந்தார்கள். சிம்ப்சன் வந்துபோன வீட்டின் போர்வையில் அவருடைய முடி ஏற்கெனவே ஒட்டியிருக்கலாம் அல்லவா? ஃபங்க் ஒன்பது நாள் சாட்சிக் கூண்டில் இருந்தார். இல்லை என்று தொடங்குவார். ஷெக் ஒரு படத்தையோ வீடியோவையோ காட்டுவார். ஆமாம் என்று முடியும். ஒவ்வொன்றும் சின்னத் தவறுதான். ஆனால் பிடுங்கி எடுக்கப்பட்ட ஒப்புதல் ஒவ்வொன்றும் ஒளித்துவைத்த பொருளைப் போல ஜூரிகளின் கண்ணில் பட்டது.

போலீஸ் ஆய்வுக்கூடத்தில் காலின் யமவுச்சி சிம்ப்சனின் ரத்தக் குழாயைத் திறந்தபோது கொஞ்சம் ரத்தம் அவர் கையுறையில் பட்டது. அதே நாள், அதே அறையில் அவர் மற்ற சான்றுப் பொருள்களையும் கையாண்டார். இது ஏன் பெரிய விஷயம்? பி.சி.ஆர். என்ற முறை மரபணுத் துண்டை நகலெடுக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். 30 சுற்று முடிந்தால் 107 கோடி நகல்கள். கண்ணுக்குத் தெரியாத துளியிலிருந்தும் விடை கிடைப்பது இதனால்தான். ஆபத்தும் இதனால்தான். ஒரு கரண்டி உறைமோர் ஒரு பானைப் பாலையும் தயிராக்கிவிடுகிறதே, அதுபோல வெளியிலிருந்து வந்து ஒட்டிய சிறு துளியும் கோடிக்கணக்காகப் பெருகும்.

எதிர்த் தரப்பின் வாதம் இப்படிப் போனது. உண்மைக் கொலையாளியின் மரபணு வேன் சூட்டில் அழிந்துபோனது. பிறகு குழாயிலிருந்து சிந்திய சிம்ப்சனின் ரத்தம் அந்தத் துணித் துண்டுகளில் ஏறிக்கொண்டது.

என்னால் இந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு துளிக்கும் பக்கத்தில் ரத்தம் இல்லாத இடத்தையும் ஒற்றி எடுத்து, அதையும் கூடவே சோதிப்பார்கள். ஒப்பீட்டுக்கான துண்டு அது. ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சிந்திப் பரவியிருந்தால் அந்தத் துண்டுகளிலும் சிம்ப்சனின் மரபணு தெரிந்திருக்க வேண்டும். அவை சுத்தமாக இருந்தன. ஐந்து துளிகளிலும் கொலையாளியின் மரபணு அடியோடு அழிந்து, ஐந்திலும் ஒரே ஆளின் மரபணு மட்டும் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் நம்பும்படியாக இல்லை. அதோடு, அந்தத் துளிகள் சிம்ப்சனின் கையிலிருந்து ரத்தம் எடுப்பதற்கு முன்பே புகைப்படமாகியிருந்தன.

ஆனால் நிக்கோல் வீட்டின் பின்வாசல் கேட்டில் இருந்த ரத்தத்தைப் பற்றி ஷெக் கேட்டது கேட்க வேண்டிய கேள்வி. அதை ஜூலை 3-ஆம் தேதிதான், அதாவது மூன்று வாரம் கழித்து, எடுத்தார்கள். வெயிலிலும் காற்றிலும் கிடந்த அந்தக் கறையில், முதல் நாளே எடுத்த துளிகளைவிட அதிகமாக மரபணு இருந்தது. எப்படி? குழாயிலிருந்த ரத்தத்தைப் பிறகு யாரோ அங்கே தடவினார்கள் என்றது எதிர்த் தரப்பு. கேட்டில் உலர்ந்த கறை அந்த வேன் சூட்டில் வேகவில்லை என்றது அரசுத் தரப்பு. தீர்த்து வைக்க ஈ.டி.டி.ஏ. இருந்தது. கறையில் அது இருந்தால் ரத்தம் குழாயிலிருந்து வந்தது.

எஃப்.பி.ஐ.யின் ரோஜர் மார்ட்ஸ் சோதித்தார். மெல்லிய ஒரு அறிகுறி தெரிந்தது. குழாயில் வைத்த ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு அது பக்கத்திலேயே வரவில்லை என்றார். குழாயில் போடாத தன் சொந்த ரத்தத்தைச் சோதித்தபோதும் அதே மாதிரி மெல்லிய அறிகுறி வந்தது என்றார். உணவுப் பொருள்களிலும் சலவைத் தூளிலும்கூட ஈ.டி.டி.ஏ. சேர்க்கப்படுவது உண்டு. எதிர்த் தரப்பின் நச்சுயியல் நிபுணர் ஃபிரெட்ரிக் ரீடர்ஸ் அதே வரைபடத்தைப் பார்த்து, இருக்கிறது என்றார். எவ்வளவு என்பது அறிவியலின் கேள்வி. இருக்கிறதா இல்லையா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. இரண்டுக்கும் நடுவே அந்தப் பன்னிரண்டு ஜூரிகள் திணறியதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வழக்கில் நான் மறுபடி மறுபடி போய் நிற்கும் சாட்சி ஒருவர் உண்டு. டாக்டர் லட்சுமணன் சத்தியவாகீஸ்வரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அப்போது லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் தலைமைப் பிரேதப் பரிசோதனை அதிகாரி. பிரேதப் பரிசோதனையைச் செய்தவர் அவர் அல்ல, அவருக்குக் கீழே வேலை பார்த்த டாக்டர் இர்வின் கோல்டன். அதில் தவறுகள் மலிந்திருந்தன. இறந்த நேரத்தைக் கணிக்க உதவக்கூடிய நிக்கோலின் இரைப்பை உணவு தூக்கி எறியப்பட்டிருந்தது. பித்தநீர் இருந்த குழாயில் சிறுநீர் என்று சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. கோல்டனைக் கூண்டில் ஏற்ற அரசுத் தரப்புக்குத் துணிவில்லை. 1995 ஜூன் மாதம் லட்சுமணன் ஏறினார்.

எதிர்த் தரப்பு கேட்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. தன் அலுவலகம் செய்த தவறுகளை அரசு வழக்கறிஞர் பிரையன் கெல்பெர்க்கின் கேள்விகளுக்குப் பதிலாகத் தானே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இது தவறு. இது இப்படி நடந்திருக்கக் கூடாது. இதனால் மரணத்தின் காரணம் பற்றிய முடிவு மாறவில்லை, ஏன் மாறவில்லை என்றால் இதனால். பல நாள் இது நடந்தது. கழுத்து எப்படி அறுக்கப்பட்டிருக்கலாம் என்று காட்ட, கத்திக்குப் பதில் ஒரு ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டு கெல்பெர்க்கின் பின்னால் நின்றார். அந்தச் சாட்சியத்தைப் படிக்கும்போதெல்லாம், ஃபங்கும் முதல் நாளே இப்படிப் பேசியிருந்தால் என்று மனம் அடித்துக்கொள்கிறது. வேனில் குளிர்சாதனம் இல்லை, துண்டுகளைப் பெரும்பாலும் எடுத்தது பயிற்சிப் பணியாளர் என்று அவரே சொல்லி, ஒப்பீட்டுத் துண்டுகள் சுத்தமாக இருப்பதையும் அடுத்த மூச்சில் சொல்லியிருக்கலாம். தவறும் விடையும் ஜூரிகளிடம் சேர்ந்தே போயிருக்கும்.

ஜூன் 15-ஆம் தேதி, அரசு வழக்கறிஞர் கிறிஸ்டோபர் டார்டன் சிம்ப்சனை அந்தத் தோல் கையுறைகளைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ரத்தத்தில் ஊறிக் காய்ந்த தோல், உள்ளே ரப்பர் கையுறை. இறங்கவில்லை. இதைச் சோதனை என்று சொல்லவே கூடாது. ஈரம்பட்டுக் காய்ந்த தோல் சுருங்கும், மாட்டுகிறவர் விரலை விறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜூரிகள் கண்ணால் பார்த்த காட்சி அது. பொருந்தாவிட்டால் விடுவித்தாக வேண்டும் என்று ஜானி காக்ரன் இறுதி வாதத்தில் அதை எதுகையோடு சொன்னார். சிம்ப்சன் வீட்டில் கிடந்த கையுறையைக் கண்டெடுத்த போலீஸ் அதிகாரி மார்க் ஃபர்மன், சிம்ப்சனின் இனமான கறுப்பினத்தவரை இழிசொல்லால் பேசிய ஒலிநாடாக்களும் அதற்குள் வெளிவந்துவிட்டன. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் அடித்து நொறுக்கிய, அந்தப் போலீஸ்காரர்கள் விடுதலையானதும் 1992-இல் பற்றி எரிந்த நகரம் அது. போலீஸ் ரத்தத்தைத் தடவியிருக்கும் என்ற பேச்சை அங்கே பலரும் நம்பத் தயாராக இருந்ததற்கு அவர்கள் வாழ்க்கையே காரணம். எட்டு மாதத்துக்கும் மேல் நடந்த விசாரணையை ஜூரிகள் நான்கு மணி நேரத்துக்குள் பேசி முடித்தார்கள். 1995 அக்டோபர் 3-ஆம் தேதி சிம்ப்சன் விடுதலையானார்.

இறந்தவர்களின் குடும்பத்தார் தொடுத்த சிவில் வழக்கில் அளவுகோல் வேறு. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எது அதிகம் சாத்தியம் என்று காட்டினால் போதும். ரத்தக் காலடித் தடங்கள் புரூனோ மாலி என்ற இத்தாலிய ஷூவினுடையவை, 12-ஆம் அளவு என்று எஃப்.பி.ஐ.யின் வில்லியம் போட்ஸியாக் முதல் வழக்கிலேயே கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட ஷூவே தன்னிடம் இருந்ததில்லை என்று சிம்ப்சன் மறுத்தார். பிறகு புகைப்படங்கள் கிடைத்தன. கொலைகளுக்கு முந்தைய ஆண்டு, 1993-இல், பஃபலோ கால்பந்து மைதானத்தில் அவர் நடந்து போகிறார். காலில் அதே ஷூ. படங்களில் ஒன்று 1993 நவம்பரிலேயே பஃபலோ அணியின் செய்தி இதழில் அச்சாகியிருந்தது. 1997 பிப்ரவரியில் அந்த ஜூரிகள் இரண்டு சாவுக்கும் சிம்ப்சன்தான் பொறுப்பு என்றார்கள். மொத்த இழப்பீடு 3.35 கோடி டாலர்.